தலைமையகம் வந்தது, பள்ளிக்கூடப் பணம் போனது

2017 செப்டம்பரில் சியாட்டிலின் இணைய வணிக நிறுவனம் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு ஊர் தேடிய கதை எல்லோருக்கும் தெரியும். 238 விண்ணப்பங்கள் குவிந்தன. டூசானிலிருந்து 21 அடி உயர சாகுவாரோ கள்ளிச் செடியையே அனுப்பிவைத்தார்கள். ஜார்ஜியாவின் ஸ்டோன்கிரெஸ்ட், 345 ஏக்கரைப் பிரித்து நிறுவனத்தின் பெயரிலேயே புது ஊர் உண்டாக்கித் தருவதாகச் சொன்னது.

அந்த ஆரவாரத்தில் பலர் கவனிக்காமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. நியூவார்க்குக்காக நியூ ஜெர்சி மாநிலமும் நகரமும் சேர்ந்து தரத் தயாராக இருந்த சலுகை 700 கோடி டாலர். 2018 நவம்பரில் ஜெயித்த ஆர்லிங்டனுக்காக வர்ஜீனியா அறிவித்த நேரடிச் சலுகை 57 கோடி சொச்சம். பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை! பல்கலைக்கழக வளாகத்துக்கும் போக்குவரத்துக்கும் ஒதுக்கியது தனி. அது ஊரோடு நிற்கிற சொத்து. பணம்தான் முடிவு செய்கிறது என்றால் நியூவார்க் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? ஆர்லிங்டனில் விமான நிலையம் கூப்பிடு தூரம், மெட்ரோ ரயில் வாசலிலேயே நிற்கும், சுற்றுவட்டாரம் முழுக்கக் கணினி படித்தவர்கள். கம்பெனிகள் ஊரைத் தேர்ந்தெடுப்பது இவற்றை வைத்துத்தான். சலுகையால் முடிவை மாற்றிக்கொண்டவை நூற்றுக்கு 2 முதல் 25 நிறுவனங்கள்தான் என்று 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மற்றவை எப்படியும் அங்கேதான் போயிருக்கும். கொடுத்த பணம் மட்டும் திரும்பாது.

அந்தப் பணம் யாருடையது? இதை விளங்கிக்கொள்ள கான்சஸ் சிட்டிக்குப் போக வேண்டும்.

அங்கே ஸ்டேட் லைன் என்றே ஒரு சாலை இருக்கிறது. ஒரு பக்கம் மிசௌரி, எதிர்ப்பக்கம் கான்சஸ். பல ஆண்டுகளாகக் கம்பெனிகள் இந்த எல்லையைத் தாண்டித் தாண்டிக் குடிபோயின. சில மைல் தூரம்தான். ஊழியருக்கு அதே வீடு, பிள்ளைகளுக்கு அதே பள்ளி, அலுவலக மேசை மட்டும் வேறு கட்டடத்தில். ஆனால் குடிபோன மாநிலத்தின் கணக்கில் அத்தனையும் புது வேலைவாய்ப்பு.

கான்சஸ் 2009இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊழியரின் சம்பளத்தில் மாநில வருமான வரியாகப் பிடிக்கிற தொகையில் 95 சதவீதம் வரை, தகுதி பெற்ற நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டைப் பார்க்கிற ஊழியர், தன் வரி அரசாங்கத்துக்குப் போகிறது, அதில் ஊருக்கு ஏதோ நல்லது நடக்கும் என்றுதான் நினைப்பார். அது முதலாளியின் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. அந்த மாநிலத்தின் பொது நிதியில் ஏறக்குறைய பாதி செலவாவது பள்ளிகளுக்கு. 2017இல், பள்ளிகளுக்குத் தரும் நிதி போதாது என்று நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லும் நிலை வந்தது. 2012இல் செய்த வருமான வரிக் குறைப்பு கஜானாவைக் காலி செய்தது வாஸ்தவம்தான். ஆனால் தட்டுப்பாடான காலத்தில், இருக்கிற ஊழியரைச் சாலையின் இந்தப் பக்கம் கொண்டுவந்ததற்காக வரியை விட்டுக்கொடுத்ததை எப்படி நியாயப்படுத்துவது?

மிசௌரியும் சளைக்கவில்லை. புதுக் கட்டடம் எழும்பி நிலத்தின் மதிப்பு ஏறினால், கூடுதலாக வரும் சொத்து வரியை 23 ஆண்டுவரை அந்தத் திட்டத்தின் செலவுக்கே திருப்பிவிட அங்கே சட்டம் இடம்தருகிறது. அமெரிக்கப் பள்ளிகளுக்குச் சொத்து வரி ஒரு பெரிய ஆதாரம். இன்று பாலர் வகுப்பில் சேரும் குழந்தை படிப்பை முடித்து வேலைக்கே போய்விடும். அதுவரை அந்தக் கூடுதல் வரி அதன் வகுப்பறையை எட்டிப் பார்க்காமலே போகலாம். கட்டடத் திறப்பு விழாவில் இதை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. எவ்வளவு வரியை விட்டுக்கொடுத்தோம் என்று உள்ளாட்சிகள் ஆண்டு நிதியறிக்கையில் காட்ட வேண்டும் என்ற கணக்கியல் விதியே 2015இல்தான் வந்தது. அதற்கு முன் போனதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

தலைமையகம் வந்தால் ஓட்டல், வாடகை, வீட்டு வேலை என்று பத்துப் பேர் பிழைப்பார்கள் என்கிறார்கள். பிழைப்பார்கள்தான். அவர்களின் பிள்ளைகளும் அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

இணைய வணிக நிறுவனம் ஆர்லிங்டனோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்த நியூயார்க்கில் மக்கள் கேள்வி கேட்டார்கள். சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு எதிர்ப்பு வலுத்து, 2019 பிப்ரவரியில் நிறுவனம் அங்கிருந்து விலகிக்கொண்டது. அதே ஆண்டு மிசௌரியும் கான்சஸும் ஒரு சமாதானத்துக்கு வந்தன: கான்சஸ் சிட்டி வட்டாரத்தில் எல்லை தாண்டி வருகிற பழைய வேலைகளுக்குச் சலுகை தருவதில்லை என்று முடிவானது. இரு தரப்பையும் இதற்காக மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் அந்த உடன்பாடு விளையாட்டு அணிகளைக் கட்டுப்படுத்தவில்லை. ஐந்து ஆண்டுகூட முழுதாக ஆகாத நிலையில், 2024 ஜூனில், மிசௌரியின் இரண்டு பெரிய அணிகளை இழுக்க கான்சஸ் ஒரு சட்டம் போட்டது. புது அரங்கம் கட்டும் செலவில் 70 சதவீதம் வரை, வருங்கால வரி வருவாயை நம்பி வெளியிடும் கடன் பத்திரங்களால் ஈடுகட்ட அது இடம்தந்தது.