864 அணுக்களின் வாத்தியார்

உஸ்மானியாவில் பாடம் நடத்திய அனீசுர் ரஹ்மான், கம்ப்யூட்டரைச் சோதனைக்கூடமாக்கிய கதை

திரவத்துக்குள் ஓர் அணு எப்படி நகர்கிறது? கேள்வி எளிது, பதில்தான் வெகுகாலம் கிடைக்கவில்லை. வாயுவில் அணுக்கள் விலகி விலகிப் பறக்கும். திடப்பொருளில் வரிசையாக நிற்கும். இரண்டுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். திரவம் இரண்டுங்கெட்டான். காகிதத்தில் எழுதும் சமன்பாடு பாதி வழியிலேயே திணறிவிடும். 1964இல் இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு ஹைதராபாத்காரர்.

அனீசுர் ரஹ்மான் பிறந்தது 1927இல். கேம்பிரிட்ஜில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஊர் திரும்பி உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அது கம்ப்யூட்டர் என்ற சொல்லே பலருக்கும் புதிதாக இருந்த காலம். 1950களின் நடுவில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்ததுதான் நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர். மற்றபடி இயற்பியல் வாத்தியாரின் ஆயுதங்கள் சாக்பீஸும் லாக் டேபிளும்தான். 1960இல் ரஹ்மான் அமெரிக்கா போய், சிகாகோவுக்கு அருகேயுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஆர்கான். (பெயர் ஒற்றுமை தற்செயலானது.) யாரோடும் ஒட்டாத வாயு, மைனஸ் 179 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கும். ஒரு கற்பனைப் பெட்டிக்குள் 864 அணுக்கள். ஒரு சுவர் வழியே வெளியேறும் அணு எதிர்ச் சுவர் வழியே உள்ளே வந்துவிடும். ஆகவே பெட்டிக்கு விளிம்பே கிடையாது. நெருங்கினால் தள்ளும், விலகினால் இழுக்கும் விசை ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே. ஜோடிகளின் எண்ணிக்கை 3,72,816. விசைகளைக் கூட்டி, நியூட்டனின் விதிப்படி எல்லா அணுக்களையும் இம்மியளவு நகர்த்த வேண்டும். மறுபடி கூட்டல், மறுபடி நகர்த்தல்.

இந்த வேலையைச் செய்தது சிடிசி 3600 என்ற கம்ப்யூட்டர். ஒரு தடவை நகர்த்த அதற்கு 45 விநாடி பிடித்தது. அணுக்களின் உலகில் அதற்குள் கடந்த நேரமோ ஒரு விநாடியை நூறு லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு.

பொறுமைக்குப் பலன் கிடைத்தது. சார்மினார் பக்கத்து மாலைக் கூட்டத்தில் அவசரமாக நடந்து பாருங்கள். நாலு பேர் மேல் மோதிப் பின்வாங்கி, இடைவெளி கிடைத்தால்தான் அடுத்த அடி. திரவத்தில் அணுவும் அப்படித்தான் என்று ரஹ்மானின் கணக்கு காட்டியது: அண்டை அணுக்கள் கட்டிய கூண்டில் மோதித் திரும்பி, மெல்லக் கசிந்து நகர்கிறது. கணக்கில் வந்த எண்கள் சோதனையில் அளந்தவற்றோடு ஒத்துப்போயின. இது கோட்பாடா, சோதனையா என்று முகம் சுளித்தவர்களுக்கு அதுதான் பதில். ஆல்டரும் வெயின்ரைட்டும் 1957இலேயே இந்த வழியில் முதலடி வைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுடையவை ஒன்றையொன்று இழுக்காத, மோதினால் மட்டும் தெறிக்கும் கெட்டிக் குண்டுகள். நிஜத் திரவத்தின் சாயல் வந்தது ரஹ்மானிடம்தான்.

உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அதே 1964இல், அதே சிடிசி 3600 ரகக் கம்ப்யூட்டர் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அதை நாடி வந்தார்கள். ஆக, இயந்திரம் இல்லை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இயந்திரம் வந்தபோது அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் ஊரில் இல்லை. அவரை நான்கு வருடம் முன்பே அனுப்பிவைத்திருந்தோம்.

1971இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிராங்க் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து தண்ணீரை எடுத்துக்கொண்டார். இம்முறை 216 மூலக்கூறுகள். ஆர்கானைவிடத் தண்ணீர் பெரிய சண்டி. திசை பார்த்துத்தான் பிணையும். 1980இல் இத்தாலியரான மிக்கேலே பாரினெல்லோவுடன் சேர்ந்து, பெட்டியின் வடிவமே அழுத்தத்துக்கு ஏற்ப மாறும்படி செய்தார். ஒரு படிகம் இன்னொரு படிகமாக மாறுவதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பார்க்க முடிந்தது. இன்று புரதத்தில் மருந்து மூலக்கூறு எங்கே போய் ஒட்டும் என்று பார்ப்பவர்களின் கணக்கும் இந்த வம்சம்தான்.

1985இல் ரஹ்மான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உஸ்மானியாவை விட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு மறுபடி பல்கலைக்கழக வாத்தியார் வேலை. கூடவே சூப்பர் கம்ப்யூட்டரும். இரண்டே வருடம்தான். 1987 ஜூனில், 60 வயதை எட்டுமுன்பே காலமானார். அமெரிக்க இயற்பியல் சங்கம் அவர் பெயரில் நிறுவிய கம்ப்யூட்டர் இயற்பியல் பரிசை 1993இல் முதலில் பெற்றவர் நோபல் விஞ்ஞானி கென்னத் வில்சன்.

மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் கணக்கிடக் கற்கும் மாணவர்களுக்கு, பெரும்பாலும் முதல் பயிற்சி இப்போதும் திரவ ஆர்கான்தான். சாதாரண லேப்டாப்பே போதும். அணுவின் வேகத்தைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கி, பூஜ்யத்துக்கும் கீழே ஒருமுறை குழிந்து எழும். அணு கூண்டில் மோதித் திரும்பும் இடம் அது.