என்பின் அடர்த்தியும் என்பின் வலிமையும்

ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்லும் ஏ-9 வீதி கிளிநொச்சி, மாங்குளம் வழியாக வவுனியாவை அடைகின்றது. இவ்வழியில் நிலத்தின் அடித்தளமும் மாறுகின்றது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மறைந்து, வவுனியாப் பகுதியில் தொன்மையான பளிங்குருப் பாறைகள் காணப்படுகின்றன. அப்பாறைகளின் கனியங்களிலிருந்து புளோரைட்டு கரைந்து கிணற்று நீரிற் சேர்கின்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வறண்ட வலயக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்படுகின்றது. மேலும், 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் ஆனையிறவு போர்க்களமாயிற்று. வன்னியிற் புதைக்கப்பட்ட நிலக்கண்ணிகள் பலரின் கால்களைப் பறித்தன. எனவே, என்பின் வலிமையைப் படங்களின் துணைகொண்டு மதிப்பிடுவது எங்ஙனம் என்னும் வினா எமக்கு வெறும் ஏட்டு வினாவன்று.

றொன்ஜன் 1895 இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். ஆயினும், என்பின் கனியப்பொருளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அழிந்த பின்னரே சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் அவ்விழப்புப் புலப்படும். 1963 இல் கமரன், சோரென்சன் ஆகியோர் என்பை ஊடுருவும் கதிர் எவ்வளவு குறைகின்றது என்பதை அளந்து கனிய அளவைக் கணித்தனர். 1987 இல் இரு வேறு சக்திகளையுடைய எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தும் கருவி நடைமுறைக்கு வந்தது. இது தசையின் பங்கைக் கழித்து என்பின் பங்கைத் தனியே தருகின்றது. 1994 இல் உலக சுகாதார நிறுவனம், இளம் பெண்களின் சராசரியிலிருந்து 2.5 நியம விலகல் அல்லது அதற்கு மேல் தாழ்ந்த அளவை என்பு நலிவு என வரையறுத்தது.

இவ்வளவையில் ஒரு குறைபாடு உண்டு. கருவி தருவது சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம் என்னும் பரப்படர்த்தியே. கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம் அடர்த்தியுள்ள இரு கனக்குற்றிகளை எடுத்துக்கொள்வோம். 2 சென்ரிமீற்றர் தடிப்புள்ளது 2 எனவும், 3 சென்ரிமீற்றர் தடிப்புள்ளது 3 எனவும் பதிவாகும். பொருள் ஒன்றே, அளவு மட்டும் வேறு. ஆகவே, சிறிய உடலமைப்பினரின் என்பு உள்ளதினும் அடர்த்தி குறைந்ததாகத் தோன்றும். இடுப்பென்புக்கு உலகெங்கும் பயன்படும் ஒப்பீட்டு அளவு அமெரிக்க வெள்ளையினப் பெண்களிடமிருந்து பெறப்பட்டது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

கணினித் துருவுபடம் இக்குறையைப் போக்குகின்றது. அது என்பின் முப்பரிமாண அடர்த்தியையும் வடிவத்தையும் தருகின்றது. பஞ்சென்பின் வலிமை அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய நேர்விகிதமானது என்பதைக் காட்டர், ஹேய்ஸ் ஆகியோர் 1977 இல் காட்டினர்; அடர்த்தி பாதியானால் வலிமை காற்பங்காகும். இத்தொடர்பைக் கொண்டு, படத்திலுள்ள என்பைப் பல்லாயிரஞ் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விறைப்பை அளித்து, எச்சுமையில் அது முறியும் எனக் கணினியிற் கணிக்கின்றனர். பாலத்தின் தூணை ஆராயும் பொறியியலாளரின் முறையே இது.

ஆயின், இக்கணிப்பு முழுவதும் அடர்த்தியிலிருந்து வலிமையை ஊகிப்பதாகும். புளோரைட்டு அவ்வூகத்தையே பொய்யாக்க வல்லது. 1990 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த றிக்ஸ் குழுவினர், என்பு நலிவுற்ற 202 பெண்களிடம் நான்காண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். சோடியம் புளோரைட்டு உட்கொண்டோரின் இடுப்பு முள்ளென்பு அடர்த்தி 35 வீதம் உயர்ந்தது. எனினும், முள்ளென்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஏனைய என்புகளின் முறிவுகளோ அதிகரித்தன. புளோரைட்டு மிகுந்த என்பு படத்தில் வெண்மையாகத் தோன்றும்; ஆனால் அதன் அமைப்பு நொய்தாயிருக்கும். கொலாஜன் நாரின் தரத்தைப் படம் காட்டுவதில்லை.

காலிழந்தோரின் நிலை இதற்கு மறுதலையானது. சுமையைத் தாங்காத என்பு தேயும் என்பது 1892 இல் யூலியஸ் வூல்ப் வகுத்த விதியின் வழிவந்த உண்மை. எஞ்சிய தொடையென்பு நலிய, மறுகாலின் இடுப்பென்பு இயல்பாகவே இருத்தல் கூடும். நலமான பக்கத்தை மட்டும் அளந்தால் நலிவு மறைந்துவிடும்.

ஆகவே, வன்னியில் என்பை அளப்பவர் கருவியின் எண்ணோடு நின்றுவிடலாகாது. நோயாளி எக்கிணற்று நீரைப் பருகினார், எக்காலில் ஊன்றி நடக்கின்றார் என்பவற்றையும் அவர் வினாவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்குரிய தீர்வு மருத்துவமனைக்குள் மட்டும் இல்லை. தூய குடிநீர், தகுந்த செயற்கைக் கால், நடப்பதற்கேற்ற பாதை ஆகியனவும் என்பு மருத்துவத்தின் பகுதிகளேயாகும்.