உட்கருவை விட்டு வெளியேறும் புரதங்கள்: மைலோமாவுக்கு ஒரு புதிய மருந்து

1845 இல் லண்டனில் 45 வயது வணிகர் ஒருவர் கடும் எலும்பு வலியாலும் சோர்வாலும் படுக்கையில் விழுந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்கள் தாமஸ் வாட்சனும் வில்லியம் மக்கின்டையரும் அவருடைய சிறுநீரில் விநோதமான ஒரு பொருள் இருப்பதைக் கண்டு, அதைச் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் அனுப்பினார்கள். அது ஒருவகைப் புரதம் என்று அவர் கண்டறிந்தார். நோயாளி 1846 புத்தாண்டு நாளில் இறந்துபோனார்.

அந்த நோய்க்கு இன்றைய பெயர் மல்டிபிள் மைலோமா. எலும்பு மச்சையிலுள்ள பிளாஸ்மா செல்களில் தோன்றும் இந்தப் புற்றுநோய், பிரிட்டனில் ஆண்டுதோறும் சுமார் 6,000 பேரைத் தாக்குகிறது. இதை முழுமையாகக் குணப்படுத்த இன்னும் வழியில்லை. ஆனால் நோயைப் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் பெருகியுள்ளன. அவற்றுள் ஒன்று, புற்றுநோய்ச் செல்லின் உட்கருவிலிருந்து புரதங்கள் வெளியேறும் பாதையையே அடைக்கிறது.

உட்கருவின் வாசல்

நம் மரபணுக்கள் செல்லின் உட்கருவுக்குள் இருக்கின்றன. உட்கருவைச் சுற்றியுள்ள உறையில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. சிறிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே தாமாகவே போய்வரும். பெரிய புரதங்களுக்கோ துணை வேண்டும். வெளியேற வேண்டிய புரதத்தில் அதற்கான அடையாளப் பகுதி ஒன்று அமைந்திருக்கும். எக்ஸ்போர்ட்டின் 1 என்ற கடத்திப் புரதம் அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டு, ரான் என்ற இன்னொரு புரதத்தின் உதவியோடு, துளை வழியே அதை வெளியே கொண்டுபோய் விடுகிறது. இந்தக் கடத்தியின் வேலை 1997 இல்தான் தெளிவானது.

காவல் இழக்கும் செல்

பி53 என்ற புரதம் 1979 இல் பல ஆய்வுக்குழுக்களால் கண்டறியப்பட்டது. லண்டன் இம்பீரியல் புற்றுநோய் ஆய்வு நிதியத்தில் பணியாற்றிய டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும் அவர்களுள் அடங்குவர். மரபணு சேதமடைந்தால் செல் பெருகுவதை நிறுத்துவதும், சேதம் மிஞ்சினால் அந்தச் செல்லையே அழிப்பதும் பி53 இன் பொறுப்பு. அதை அது பெரும்பாலும் உட்கருவுக்குள் இருந்துதான் செய்கிறது.

மைலோமா உட்பட பல புற்றுநோய்களில் எக்ஸ்போர்ட்டின் 1 அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. பி53 போன்ற தடுப்புப் புரதங்கள் உட்கருவை விட்டு வெளியே தள்ளப்படுகின்றன. ஊர்க்காவலரை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டுத் திருடர்கள் ஊருக்குள் புகுவதைப் போன்றது இது. காவல் புரதம் செல்லில் இருக்கிறது. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

வேறு நோய்களிலும் இந்தப் போக்குவரத்து பிசகுகிறது. கடுமையான மைலாய்ட் இரத்தப் புற்றுநோய் வந்த பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மரபணு மாற்றத்தால் என்.பி.எம்.1 என்ற புரதம் உட்கருவை விட்டு வெளியேறிவிடுகிறது. எச்.ஐ.வி. கிருமியும் தன் ஆர்.என்.ஏ.வை வெளியே அனுப்ப இதே எக்ஸ்போர்ட்டினைப் பயன்படுத்திக்கொள்கிறது.

முதல் முயற்சியும் இன்றைய மாத்திரையும்

காவல் புரதங்களை உட்கருவிலேயே நிறுத்திவைக்க எக்ஸ்போர்ட்டினைத் தடுக்கும் லெப்டோமைசின் பி என்ற பொருள், எலாக்டோசின் என்ற பெயரில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. சேரிங் கிராஸ் மருத்துவமனையின் நியூலண்ட்ஸும் அவருடைய குழுவினரும் 1996 இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான பசியின்மையும் தளர்ச்சியும் ஏற்பட்டதால் அந்த மருந்து கைவிடப்பட்டது. அது எக்ஸ்போர்ட்டினை மீளாதபடி பூட்டிவிடுவதால், நலமான செல்களும் பாதிக்கப்பட்டன.

பின்னர் வந்த செலினெக்சர் மாத்திரையின் பிடி, நேரம் செல்லச் செல்லத் தளரக்கூடியது. 2019 இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. 402 நோயாளிகள் பங்கேற்ற 'பாஸ்டன்' ஆய்வில், போர்ட்டிசோமிப், டெக்சாமெத்தசோன் ஆகிய இரண்டு மருந்துகளை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் சுமார் 9.5 மாதங்கள். செலினெக்சரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது சுமார் 13.9 மாதங்களாக நீண்டது. முன்பே சிகிச்சை பெற்றவர்களுக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் இதை என்.எச்.எஸ்.ஸில் வழங்கலாம் என்று இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2024 மே மாதம் பரிந்துரைத்தது.

மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

குமட்டல், வாந்தி, பசியின்மை, எடைக்குறைவு, சோர்வு ஆகியவை இதன் முக்கியப் பக்கவிளைவுகள். இரத்தத்தில் பிளேட்லெட்டுகளும் சோடியமும் குறையலாம், பார்வை மங்கலாம். குமட்டலைத் தடுக்கும் மருந்துகளை மருத்துவர் தொடக்கத்திலேயே தருவார். அவற்றைத் தவறாமல் எடுங்கள். நீர் போதுமான அளவு அருந்துங்கள். எடையைக் குறித்து வையுங்கள். "இதெல்லாம் சகஜம்தானே" என்று பொறுத்துக்கொண்டு மறைக்க வேண்டாம். மருந்தின் அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ சிகிச்சையைத் தொடர முடியும். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்தோ மூலிகையோ எடுத்தால் அதையும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள்.

முதுகுவலியை அலட்சியப்படுத்தாதீர்கள்

மைலோமா பெரும்பாலும் வயதானவர்களுக்கே வருகிறது. விட்டுவிலகாத முதுகுவலி, விலா எலும்பு வலி, காரணம் தெரியாத எலும்பு முறிவு, ஓயாத சோர்வு, அடிக்கடி வரும் தொற்று, மிகுந்த தாகம் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். முதுகுவலிக்குப் பெரும்பாலும் வேறு காரணங்களே இருக்கும். ஆனாலும் 60 வயதைக் கடந்தவருக்கு எலும்பு வலி நீடித்தால், தைலம் பூசிக்கொண்டும் கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிக்கொண்டும் மாதக்கணக்கில் காத்திருப்பது தவறு. மைலோமா உள்ளவர்களுக்கு ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

ஜி.பி.யிடம் சென்று இரத்த அணுக்கள், கால்சியம், இ.எஸ்.ஆர். ஆகிய சோதனைகள் தேவையா என்று கேளுங்கள். ஐயம் இருந்தால் இரத்தப் புரதச் சோதனையும் செய்வார்கள். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வாழும் நம் பெற்றோருக்கு ஆங்கிலம் தடையாக இருந்தால், முன்பதிவின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள், என்.எச்.எஸ். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. முதுகுவலியோடு திடீரெனக் கால்கள் பலவீனமானாலோ சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தண்டுவடம் நசுங்கும் அபாயத்தில் தாமதம் கூடாது.