வணிகக் கூட்டு விரிவும் மாத்தளை மிளகும்

வணிகக் கூட்டொன்றிற் புதியதொரு நாடு சேருங்கால், முன்னரே உறுப்பாயுள்ள நாட்டிற்கு விளைவது ஆதாயமோ நட்டமோ என்பது பொருளியல் பயில்வோர் ஆராயத்தக்க வினா. இலங்கை இதனை நேரிற் கண்ட நாடு. 1975 இற் கைச்சாத்தான பாங்கொக் உடன்படிக்கையில் இந்தியா, வங்காளதேசம், லாவோசு, தென்கொரியா என்பவற்றோடு இலங்கையும் தொடக்க உறுப்பாகும். 2001 இற் சீனா அதில் இணைந்தது. 2005 இல் அது ஆசிய பசிபிக் வணிக உடன்படிக்கை எனப் பெயர் மாறிற்று.

இவ்வுடன்படிக்கை பட்டியலிட்ட பண்டங்களுக்கு மட்டும் சுங்கத் தீர்வையைக் குறைப்பது. ஆகவே சீனாவின் வருகையால் பெருஞ்சந்தையொன்றின் கதவு நமக்கு ஓரளவு திறந்தது; கொரியச் சந்தையில் நாம் பெற்றிருந்த சலுகையோ சீனருக்கும் உரியதாயிற்று. மலிவாக ஆக்குவோரிடம் வாங்கத் தூண்டுவதை வணிக ஆக்கமென்றும், சலுகை காரணமாக மலிவானவரை விடுத்து விலையேறியவரிடம் வாங்கச் செய்வதை வணிகத் திருப்பமென்றும் 1950 இல் யேக்கப் வைனர் வகுத்தார். புதியவர் சீனரைப் போல மலிவாக ஆக்குவோராயின் திருப்பம் குறைவு, நுகர்வோர்க்கு நன்மை, இடர்ப்படுபவர் உள்நாட்டு உற்பத்தியாளரே. இன்று சீனத்திலிருந்து நாம் இறக்குவது, அங்கு ஏற்றுவதினும் பன்மடங்கு. இப்பழி முழுவதையும் உடன்படிக்கைமேற் சுமத்தல் நேர்மையன்று. அதே 2001 இற்றான் சீனா உலக வணிக நிறுவனத்திலும் சேர்ந்தது.

நம் மாவட்டத்தார்க்கு இதனை விளக்க மிளகே போதும். இலங்கை மிளகைப் பெரிதும் வாங்குவது இந்தியா. 1998 இற் கைச்சாத்தாகி 2000 இல் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைச் சுதந்திர வணிக உடன்படிக்கை அதற்குச் சலுகையளித்தது. பின்னர் 2009 இல் இந்தியா ஆசியானோடும் உடன்பட்டு, மிளகுத் தீர்வையை நூற்றுக்கு 70 இலிருந்து 2019 அளவில் 50 ஆக்க இசைந்தது. உலகின் முதன்மை மிளகு நாடாகிய வியட்நாம் 1995 முதல் ஆசியான் உறுப்பு. இது நமது கூட்டின் விரிவன்று. நமது கூட்டாளி வேறொரு கூட்டோடு கைகோத்ததே. எனினும் விளைவு அதே இனத்தது. நம்மீது தீர்வை ஏறாமலே, நமக்கும் வியட்நாமியருக்கும் இடையிலிருந்த வேறுபாடு சுருங்கிற்று. இதுவே சலுகைத் தேய்வு.

எஞ்சிய வேறுபாடும் தொல்லையை அழைத்தது. வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் நுழைகின்றதென இந்தியப் பயிர்ச்செய்கையாளர் முறையிட, 2017 டிசெம்பரில் இந்தியா, கிலோவுக்கு 500 இந்திய ரூபாவிற்குக் குறைந்த மிளகை இறக்கலாகாதென விதித்தது. அது அப்போதைய உலக விலைக்கு மிக மேற்பட்டது. பெயரை இரவல் கொடுத்தவர் எவராயினும், வீட்டுத்தோட்டத்தில் நாலைந்து கொடி வைத்திருக்கும் மாத்தளைக் குடியானவர் அல்லர். தடையின் சுமையோ அவர்க்கும் வந்தது.

நம் மிளகிற்கு வேறொரு வலிமையும் உண்டு. அதன் காரமும் எண்ணெய்ச் சத்தும் மிகுதியாதலின், சாறு வடிக்கும் ஆலைகள் முற்றாத காயையும் விரும்பி வாங்குகின்றன. அவ்விருப்பம் தீர்வைப் பட்டியலைச் சார்ந்ததன்று.