கையெழுத்து போட்டாச்சு... ஆனா கட்டுப்படுத்தாது! ‘ஏற்புறுதி’ என்றால் என்ன?

ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14-ம் தேதி கையெழுத்திட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அதன் விதிகள் இந்தியாவைக் கட்டுப்படுத்தவில்லை. ‘அதான் கையெழுத்து போட்டாச்சே, அப்புறம் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். விடுபட்டுப்போனது ‘ராட்டிஃபிகேஷன்’. சட்டத் தமிழில் ‘ஏற்புறுதி’. செய்திகளில் பெரும்பாலும் ‘ஒப்புதல்’ என்றே வரும்.

எளிமையா சொன்னா?

நம் சார்பில் ஒருவர் செய்த காரியத்தையோ, முதற்கட்டமாகச் சம்மதித்ததையோ, ‘ஆமாம், இது என்னைக் கட்டுப்படுத்தும்’ என்று அதிகாரம் உள்ளவர் உறுதி செய்வதுதான் ஏற்புறுதி.

ஆபீஸ் உதாரணம்

அதிகாரமே இல்லாத ஓர் ஊழியர், கம்பெனி பெயரில் 20 லேப்டாப்களுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் அதை மறுத்துவிடலாம். ஆனால் விஷயம் முழுக்கத் தெரிந்தும், வந்து இறங்கிய லேப்டாப்களை எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தால் அதுவே ஏற்புறுதி. வாயால் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. அதிகாரத்தோடு ஆர்டர் கொடுத்திருந்தால் என்ன விளைவோ, அதே விளைவுதான்.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 196 முதல் இதைச் சொல்கிறது. ‘10 மட்டும் எடுத்துக்கிறேன், மீதி வேண்டாம்’ என்று ஒரே ஆர்டரில் பாதியை ஏற்க முடியாது. முக்கிய விவரங்கள் சரியாகத் தெரியாமல் கொடுத்த ஏற்புறுதியும் செல்லாது.

மாநிலங்களின் கையில்...

அரசமைப்புச் சட்டத்தின் சில பகுதிகளைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகள் மட்டும் போதாது. குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஏற்புறுதி தர வேண்டும் என்கிறது பிரிவு 368. 2016-ல் ஜிஎஸ்டிக்கான திருத்தம் இந்த வழியாகத்தான் வந்தது. முதலில் ஏற்புறுதி தந்த மாநிலம் அசாம்.

நாடுகளுக்கு ஏன் இரண்டு படிகள்?

கையெழுத்து என்பது ‘இந்தத் திசையில் வருகிறோம்’ என்ற அறிவிப்பு. ஏற்புறுதி தந்த பிறகே கடமை முழுமையாகிறது. உள்நாட்டுச் சட்டங்களைச் சரிபார்த்து, தேவையானால் மாற்றிக்கொள்ள இந்த இடைவெளி உதவும்.

பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் இந்தியா 2016 ஏப்ரல் 22-ல் கையெழுத்திட்டு, அக்டோபர் 2-ல் ஏற்புறுதி தந்தது. இடைவெளி ஆறு மாதம்கூட இல்லை. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1995-ல் கையெழுத்திட்ட அமெரிக்காவோ இன்னும் அதைச் செய்யவில்லை.

இந்தியாவில் இந்த முடிவை எடுப்பது மத்திய அரசு. நாடாளுமன்ற வாக்கெடுப்பு கட்டாயமில்லை. ஆனால் உடன்படிக்கையை அமல்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால், அதை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும்.

சித்திரவதை உடன்படிக்கை எங்கே நிற்கிறது?

அதற்கான சட்ட மசோதா 2010-ல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குப் போனது. பிறகு சட்டமாகாமலேயே, 2014-ல் மக்களவையின் பதவிக்காலம் முடிந்தபோது காலாவதியானது. ‘ஏற்புறுதி தரலாம்’ என்று 2017-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்து, புதிய வரைவு மசோதாவையும் கொடுத்தது. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, இந்தக் கோரிக்கை மறுபடியும் எழுந்தது.

ஏற்புறுதி தந்தால் என்ன மாறும்?

வாக்குமூலம் வாங்குவதற்காக அடிப்பது இப்போதும் குற்றம்தான். ஆனால் ‘சித்திரவதை’ என்று தனியாக ஒரு குற்றம் நம் சட்டத்தில் இல்லை. உடன்படிக்கையின்படி, மனரீதியான கொடுமையும் சித்திரவதைதான். போர், நெருக்கடிநிலை, மேலதிகாரி உத்தரவு என எதையும் காரணம் காட்ட முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு. ஐ.நா. குழுவிடம் நாடு அவ்வப்போது அறிக்கையும் தர வேண்டும்.

இது போலீஸ் ஸ்டேஷனோடு முடியும் விஷயமும் அல்ல. 1995 புருலியா ஆயுத வீச்சு வழக்கில் தேடப்பட்டவரை இந்தியாவுக்கு அனுப்ப 2011-ல் டென்மார்க் நீதிமன்றம் மறுத்தது. ‘அங்கே சித்திரவதைக்கு உள்ளாகும் ஆபத்து இருக்கிறது’ என்பதே அது சொன்ன காரணம்.

எனவே, ‘இந்தியா கையெழுத்திட்டது’ என்ற செய்தியைப் பார்த்தால், ‘ஏற்புறுதி தந்தாச்சா?’ என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.