மஞ்சள் தூளுக்குள் ஒரு பச்சை வெளிச்சம்

"மாமா, ஃபோன் திரைக்குள்ளே குட்டிக் குட்டி பல்பா இருக்கு?" என்று ஒரு வாண்டு கேட்டாள். அடடா, எவ்வளவு நல்ல கேள்வி!

பதிலைச் சமையலறையில் தேடுவோம். கொஞ்சம் சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கலக்குங்கள். தூள் அடியில் தங்கட்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கடைக்காரர்கள் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா டார்ச்சை அதன்மேல் அடிக்கச் சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோதான் அடிக்க வேண்டும். வெளிச்சம் கண்ணில் படக்கூடாது, பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. சரியா?

மஞ்சள் நீர் பச்சையாக ஜொலிக்கும்!

மஞ்சளில் குர்குமின் என்ற மூலக்கூறு இருக்கிறது. புறஊதா ஒளி பட்டதும் அதன் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவும். உடனே கீழே இறங்கும். இறங்கும்போது பச்சை ஒளியை விட்டுவிட்டு வரும். டார்ச்சை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். இதன் பெயர் ஒளிர்தல். புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு தடவை படியுங்கள், மாமா காத்திருக்கிறேன்.

குர்குமின் ஒரு கரிமப் பொருள், அதாவது கார்பனால் கட்டிய பொருள். பல ஃபோன்களில் இருக்கும் ஓ.எல்.இ.டி. திரையில் ஒளிர்வதும் கரிமப் பொருள்தான். ஆனால் அங்கே டார்ச் இல்லை, மின்சாரம்தான் எலக்ட்ரானைத் தூண்டுகிறது.

1987-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இரண்டு கரிமப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்தார்கள். இரண்டும் சேர்ந்தே தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான்! ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான்கள் வந்தன. மறுபக்கமிருந்து 'துளைகள்' வந்தன. துளை என்றால் எலக்ட்ரான் இல்லாத காலி இடம், பஸ்ஸில் காலி சீட் மாதிரி. எலக்ட்ரான் அந்த சீட்டில் உட்கார்ந்ததும் பச்சை ஒளி! அதற்கு 10 வோல்ட்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். மேலே தாவும் எலக்ட்ரானை ஒரு பட்டம் என்று நினையுங்கள். மின்சாரம் நாலு பட்டங்களை மேலே ஏற்றுகிறது என்று வையுங்கள். ஒன்றுதான் ஒழுங்காக இறங்கி ஒளி தரும். மற்ற மூன்றும் கொஞ்சம் தாழ்ந்த கிளையில் சிக்கிக்கொள்ளும். அவற்றின் ஆற்றல் வெறும் சூடாகப் போய்விடும். நாலில் மூன்று வீண் என்றால் மனசு கேட்குமா?

இரிடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தைச் சேர்த்தால் சிக்கிய பட்டங்களும் ஒளி தரும். ஆனால் 2012-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழுவினர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மட்டுமே சேர்ந்த ஒரு மூலக்கூறு. அதில் சிக்கும் கிளையும் இறங்கும் வழியும் கிட்டத்தட்ட ஒரே உயரம்! அறையின் சாதாரண வெப்பமே காற்று மாதிரி வந்து, பட்டத்தைச் சற்றே தூக்கி விடுவித்துவிடும். விலை உயர்ந்த உலோகம் எதற்கு?

நீல ஒளிக்குத்தான் இன்னும் பாடுபடுகிறார்கள். நீலத்துக்கு ஆற்றல் அதிகம், பட்டம் அவ்வளவு உயரம் ஏற வேண்டும். அந்த ஆற்றலில் மூலக்கூறே சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. அதனால் பல ஃபோன் திரைகளில் சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் இருந்தாலும், நீலத்தை மட்டும் நம் மஞ்சளைப் போல ஒளிரும் கரிமப் பொருள்தான் தந்துகொண்டிருக்கிறது.