வெட்டிவேர்: உலகம் விரும்பும் நம் ஊர் வாசனை

வாசனைத் திரவியக் கடைக்குப் போனால், ஆண்களுக்கான போத்தல்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பலவற்றில் 'வெட்டிவேர்' என்ற நம் தமிழ்ச் சொல்லே பெயராக இருக்கும். தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போன சொல் இது. பாரிஸ் நிறுவனங்களான கார்வனும் கெர்லனும் 1950களிலேயே இந்தப் பெயரில் வாசனைகளை வெளியிட்டன.

வெட்டிவேர் ஒரு புல். அதன் வாசனை வேரில் இருக்கிறது. மண்ணை வெட்டி வேரை எடுத்து, கழுவி உலர்த்தி, நீராவியில் வடித்து எண்ணெய் எடுப்பார்கள். கரீபியன் நாடான ஹெய்ட்டி, இந்தோனேசியாவின் ஜாவா ஆகிய இடங்களிலிருந்து இந்த எண்ணெய் பெருமளவில் உலகச் சந்தைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் கடலூர்ப் பகுதி மணற்பாங்கான நிலங்களிலும் வெட்டிவேர் பயிராகிறது.

மழை நனைத்த மண், ஈர மரம், லேசான புகை எல்லாம் கலந்தது போன்ற மணம் அது. எலுமிச்சை வாசனை சீக்கிரம் பறந்துவிடும்; வெட்டிவேர் எண்ணெய் மெதுவாக ஆவியாவதால் துணியில் நாள்கணக்கில் நிற்கும். மற்ற வாசனைகளையும் பிடித்து வைக்கும். அதனால்தான் வாசனைக் கலைஞர்கள் இதை அடித்தளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

'இயற்கையானது, ஆகவே தீங்கில்லை' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வேர் வேறு, எண்ணெய் வேறு. 100 கிலோ வேரிலிருந்து ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் கிடைப்பதே அரிது. அவ்வளவு செறிவானது அது.

* எண்ணெயை ஒருபோதும் குடிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.
* புதிய வாசனையை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். எண்ணெயானால் தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் நன்கு கலந்த பின்பே தோலில் படவேண்டும்.
* ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த வாசனையும் மூச்சுத்திணறலைத் தூண்டலாம். குளிர்காலத்தில் யன்னல்களை மூடிய வீட்டிலும் காரிலும் தெளிப்பதைத் தவிருங்கள்.
* கைக்குழந்தைகளின் உடலிலோ உடையிலோ வாசனைத் திரவியம் பூசவேண்டாம்.

பானைத் தண்ணீரில் வேர் போடுவது நம் பழைய வழக்கம். உணவுக்கென விற்கும் வேரையே வாங்கி, மண் போகக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் போடுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள். குடிக்க இதமாக இருக்கும், ஆனால் எந்த நோய்க்கும் மருந்துக்குப் பதிலாகாது. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த மணத்தை அனுபவிக்க எளிய வழி, உலர்ந்த வேரைச் சிறு துணியில் முடிந்து சேலை அலுமாரியில் வைப்பது. பிள்ளைகள் முகர்ந்து பார்த்து என்னவென்று கேட்டால், கடையில் விற்கும் அந்த விலையுயர்ந்த போத்தலின் பெயர் நம் மொழியிலிருந்து போனது என்பதையும் சொல்லுங்கள்.